பூங்கா சாவியை ரிட்டயர்டு ஆனவங்ககிட்ட கொடுங்க

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய கூட்டம் தெற்கே கிளம்பிவிடும். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகள். அவர்கள் ஓட்டிப் போகிற வண்டிக்கு ஆர்.வி. என்று பேர். வெளியே பார்க்க ஆம்னி பஸ் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். சொந்த ஊரில் பனி கொட்டுகிற மாதங்களில் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா என்று வெயில் அடிக்கிற பக்கம் போய்த் தங்கிவிட்டு, மார்ச் ஏப்ரலில் ஊர் திரும்புவார்கள். பனிக்குப் பயந்து பறந்து வருவதால் இவர்களை 'ஸ்னோபேர்ட்' என்றே அங்கே கூப்பிடுகிறார்கள்.

அவர்களில் நிறைய பேர் போன இடத்தில் சும்மா உட்காருவதில்லை. ஏதாவது ஒரு பூங்காவிலோ சரணாலயத்திலோ வண்டியை நிறுத்திக்கொண்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே தன்னார்வலராக வேலை செய்கிறார்கள். வருகிறவர்களுக்கு வழி சொல்வது, தகவல் மேசையில் உட்காருவது, நடைபாதையில் விழுந்த கிளையை எடுத்துப் போடுவது, உடைந்த பலகையைச் சரி செய்வது, ராத்திரி யாராவது நெருப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. வாரத்துக்கு 20 மணி நேரம், சில இடங்களில் 30 மணி நேரம் வரைக்கும். சம்பளம் கிடையாது. ஆனால் வண்டி நிறுத்த இடம், கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் இலவசம். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் தன்னார்வலர்களைச் சேர்ப்பதற்கு 1970-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

'நல்லா இருக்கு பாஸ், ஆனா ராயபுரத்துல ஆர்.வி.யை எங்க நிறுத்துறது?' என்றுதானே கேட்கிறீர்கள்? நம்ம எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிக்கே இடம் இல்லை. வண்டியை விட்டுவிடுங்கள். அந்த ஏற்பாட்டின் உள்ளே இருக்கிற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற ஒருவருக்கு ஒரு இடம், ஒரு சீசன், ஒரு பொறுப்பு. இந்த மூன்றும் வடசென்னைக்குத்தான் ரொம்பத் தேவை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்றேன்.

நம்ம குளிர்காலம்

நமக்குப் பனி கிடையாது. ஆனால் ஒரு குளிர்காலம் இருக்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு மார்கழி, தை, மாசி. வெளியே போய் மனுஷன் உட்காரக்கூடிய காலம் வருஷத்தில் இந்த மூணு மாசம்தான். பங்குனி வந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதிக்கும். அதனால் பூங்காவுக்குக் கூட்டம் வருவதும் இந்த மாதங்களில்தான். எண்ணூர் கழிமுகத்துக்கு உள்ளான்களும் வலசைப் பறவைகளும் வருவது இந்த மாதங்களில்தான். ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னை கடற்கரையில் முட்டையிட வருவதும் இந்த மாதங்களில்தான்.

மழையில் கெட்டுப்போனதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் இப்போதுதான். நடைபாதையில் தூக்கிக்கொண்டிருக்கும் கல், எரியாத விளக்கு, தண்ணீர் வராத குழாய், துருப்பிடித்த சறுக்குமரம்.

பூங்கா என்றால் தென்சென்னைக்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அது அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டியபோது, கடல் கொண்டுவந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரித்துக்கொண்டே போனது. இன்றைக்கு அங்கே காலாற உட்கார மணல் கிடையாது, பாறாங்கல்தான் இருக்கிறது. ஒரே துறைமுகம் அவர்களுக்கு ஒரு கடற்கரையைக் கொடுத்தது, நம்முடையதை எடுத்துக்கொண்டது. அதனால் நம்ம ஏரியாவில் ஒரு சின்ன பூங்காவுக்கு இருக்கிற மதிப்பே வேறு. ராபின்சன் பூங்காவை நினைத்துப் பாருங்கள். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் மழையில் நடந்தது அங்கேதான். தமிழ்நாட்டு அரசியலே மாறின இடம் நம்ம ராயபுரத்து பூங்கா ஒன்று.

கை இருக்கு, நேரம் இருக்கு

இப்போது ஆட்களுக்கு வருவோம். துறைமுகம், அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலி ஆலைகள், 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம். முப்பது, முப்பத்தஞ்சு வருஷம் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர்டு ஆனவர்கள் நம்ம தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஆபரேட்டர், ஸ்டோர் கீப்பர். நாம் நாலு வருஷம் லேபில் தொட்டுப் பார்த்ததை இவர்கள் வாழ்க்கை முழுக்கச் செய்தவர்கள். 58 அல்லது 60 வயதில் ஒரு நாள் மாலையும் சால்வையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலையிலும் அவருக்கு நாலரை மணிக்கே முழிப்பு வந்துவிடும். போக இடம் இருக்காது.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் ஒன்று ரொம்ப நாளாகக் கழன்று கிடந்ததைப் பற்றி ஒரு தடவை அவரிடம் பேச்சு வந்தது.

"தாத்தா, அந்தச் சங்கிலி எப்படி அறுந்துச்சு?"

"சங்கிலி அறுக்கலடா தம்பி. மேல இருக்கற புஷ் தேஞ்சுபோச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கிரீஸ் வெச்சிருந்தா இன்னும் பத்து வருசம் ஓடும்."

"நீங்களே வெச்சிருக்கலாமே?"

"நான் யார்றா அதத் தொட? நாளைக்கு ஒரு கொழந்த வுழுந்துச்சுன்னா என்னத்தான கேப்பாங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் மொத்தப் பிரச்சனையும் அதில்தான் இருக்கிறது. அவருக்கு மனசு இருக்கிறது, கை இருக்கிறது, நேரம் இருக்கிறது. அனுமதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு தாத்தா பூங்காவில் பலகையைச் சரி செய்கிறார் என்றால், அவருக்கு அந்தப் பூங்கா ஒரு சட்டை, ஒரு பேட்ஜ், 'இது உங்கள் வேலை' என்று எழுதின ஒரு தாள் எல்லாம் கொடுத்திருக்கிறது. நம்ம தாத்தாவுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

'நம்ம ஆளுங்களுக்கு இந்தப் பழக்கமே கிடையாது' என்று சொல்லாதீர்கள். உழவாரப் பணி என்ற வார்த்தை நம்மிடம் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது! அப்பர் கையில் இருக்கிறதே, அந்த உழவாரத்தை வைத்துக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிச் சுத்தம் செய்வதுதான் அது. அப்பர் பாடின தலங்களில் நம்ம திருவொற்றியூரும் ஒன்று. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன் பிடித்து, முன்பின் பார்க்காத ஊருக்குப் போய், செடி முளைத்த கோபுரத்தையும் தூர்ந்துபோன குளத்தையும் சுத்தம் செய்துவிட்டு வருகிற குழுக்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அதில் பாதிப் பேர் நரைத்த தலைகள்தான். வண்டியில் பயணம் போய், போன இடத்தில் காசு வாங்காமல் வேலை செய்வதை ஆர்.வி. தாத்தாக்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. கோயிலில் செய்வதைப் பூங்காவிலும் செய்ய ஒரு வழி திறந்தால் போதும்.

நம்ம கணக்கு கொஞ்சம் பார்ப்போமா?

நம்ம காலேஜ்களில் சமூக சேவை என்றால் எப்படி நடக்கிறது? ஒரு சனிக்கிழமை, 50 பேர், ஒரே கலர் டி-ஷர்ட், கையுறை, ஒரு பேனர். மூணு மணி நேரம். குரூப் போட்டோ. 50 பேர், ஆளுக்கு 3 மணி, மொத்தம் 150 மணி நேர உழைப்பு. குறைவில்லை.

இப்போது ஒரே ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை 13 வாரம். 195 மணி நேரம். நம்ம 50 பேரை விட அவர் ஒருவர் அதிகம்!

அதுகூட முக்கியமில்லை. நம்முடைய 150 மணி நேரம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். மறுநாள் குழாய் உடைந்தால் பார்க்க ஆள் கிடையாது. அவருடைய 195 மணி நேரம் மூணு மாசத்துக்குப் பரவி இருக்கும். திங்கட்கிழமை குழாயில் சொட்டுகிற தண்ணீர் வெள்ளிக்கிழமை ஒழுகலாக மாறுவதற்கு முன்னால் அவர் கண்ணில் பட்டுவிடும். மெக்கானிக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் செய்வது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ், அவர் செய்வது பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ். எது செலவு குறைச்சல் என்று மூணாவது செமஸ்டர் பையனே சொல்வான்.

நாம் செய்கிற சேவையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர் கரையில் கடலோரக் காவல்படையோடும் மீனவர்களோடும் சேர்ந்து நின்று பக்கெட்டில் எண்ணெயை அள்ளினவர்களில் மாணவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது மீனவர்கள் படகில் நின்று மக்கில் அள்ளினார்கள். ஆபத்து வந்தால் நம்ம ஏரியா ஓடிவரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆபத்து இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை யார் வருகிறார்கள்?

சாதாரண நாட்களில் தினமும் வருகிற ஒரு கூட்டம் நம்ம நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. 1988-ல் மாணவர்கள் ஆரம்பித்த கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு. ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்கியதும், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி ராத்திரியாக நடந்து, ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது. அவர்கள் ஜெயித்ததற்குக் காரணம் எளிது. ஒரு சீசன், ஒரு பாதை, தினமும் ஒரே வேலை.

'ஆனால்...' என்று இழுப்பவர்களுக்கு

ஆட்சேபணைகள் வரும். வர வேண்டியதுதான். மூன்று இருக்கிறது, மூன்றும் நியாயமானவை.

முதலாவது, காசு. 'ஓசியில வேலை வாங்கப் பார்க்கறியா?' அமெரிக்காவிலேயே இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 'நோமட்லேண்ட்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். வீட்டு வாடகை கட்ட முடியாமல் வேனிலேயே வாழ்கிற வயதானவர்கள், முகாம்களிலும் அமேசான் கிடங்குகளிலும் சீசனுக்கு சீசன் வேலை தேடி அலைவதுதான் கதை. ஆசைக்குப் போகிறவரும் வயிற்றுக்குப் போகிறவரும் ஒரே மைதானத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். நம்மிடமும் அதே இரண்டு ரகம் உண்டு. துறைமுகப் பென்ஷன் வாங்குகிறவர் ஒரு ரகம். கம்பெனியில் கான்ட்ராக்டில் ஓடி ஓடி, கடைசியில் இ.பி.எஸ். பென்ஷனை நம்பி நிற்கிறவர் இன்னொரு ரகம். அதில் குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்தது மாசம் 1,000 ரூபாய். அவர்தான் அறுபத்தஞ்சு வயதில் ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் போய் 'சேவை செய்ய வாங்க ஐயா' என்று கூப்பிடுவது அநியாயம். அவருக்கு வேண்டியது சம்பளம். தன்னார்வம் என்பது பசி இல்லாதவரிடம் மட்டுமே கேட்கக்கூடிய விஷயம்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீர்களா? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1-லிருந்து இரவு பகலாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பெரும்பாலும் பெண்கள். நம்ம தெருவைக் கூட்டினவர்கள். அந்த ஏரியாவில் நின்றுகொண்டு, 'பூங்காவைத் தன்னார்வலர்கள் பார்த்துக்குவாங்க' என்று சொன்னால், அதன் அடுத்த வரி 'அப்போ பணியாளர் எதுக்கு?' என்றுதான் வரும். அந்த வரி வரவே கூடாது. பெருக்குவது, குப்பை அள்ளுவது, கழிவறை கழுவுவது எல்லாம் சம்பளத்துக்கான வேலைகள், சம்பளத்தோடுதான் நடக்க வேண்டும். சம்பள ஊழியரின் இடத்தில் தன்னார்வலரை வைக்கக் கூடாது என்பதை அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. அதை நாம் முதல் விதியாக எழுதிவைக்க வேண்டும். அந்த விதியை ஒத்துக்கொள்ளாத எந்தத் திட்டத்தையும் நானே எதிர்ப்பேன்.

மூன்றாவது, நம்ம செட்டுக்கு வரும் பயம். 'அங்கிள் கையில அதிகாரம் கொடுத்தா நாட்டாமை பண்ண ஆரம்பிச்சுருவாரு ப்ரோ!' கிரிக்கெட் ஆடுகிற பசங்களைத் துரத்துவார், ஜோடியாக உட்கார்ந்தால் 'எந்த காலேஜ், அப்பா நம்பர் கொடு' என்பார். நடக்கும், ஏன் நடக்காது? அதனால்தான் வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். அங்கேயும் இந்தத் தாத்தாக்களுக்கு யாரையும் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. தப்பு நடந்தால் ரேஞ்சரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். நம்ம பெரியவர் பொறுப்பில் இருப்பது குழாய், விளக்கு, ஊஞ்சல், செடி. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கையில் விசில் கிடையாது!

பெண்களையும் மறக்க வேண்டாம். ரிட்டயர்டு என்றதும் நமக்கு ஆண் முகம்தான் ஞாபகம் வருகிறது. வீட்டு வேலைக்கு ஓய்வு வயது என்று ஒன்று யாரும் வைத்ததே இல்லை. காசிமேட்டில் மீன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு ஆயாவுக்கு, சாயங்காலம் இரண்டு மணி நேரம் பூங்காவில் ஒரு நாற்காலியும் ஒரு பொறுப்பும் கிடைத்தால், அந்தப் பூங்காவுக்கு வருகிற பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையே மாறும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு பூங்கா. ஜனவரி முதல் மார்ச் வரை. நாலு பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள். மாநகராட்சி தர வேண்டியவை: கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், ஒரு அடையாள அட்டை, விபத்துக் காப்பீடு, ஒரு ஸ்பேனர் செட், ஒரு டப்பா கிரீஸ், காலை டீக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் ஆகிற செலவு. அந்தப் பெரியவர் 'நான் யார்றா அதத் தொட' என்று கேட்டாரே, அதற்கு அந்தக் கடிதம்தான் பதில்.

நாலு பேரும் சேர்ந்து ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். என்ன கெட்டது, எந்தத் தேதியில் 1913-க்குப் புகார் போனது, எந்தத் தேதியில் சரியானது. ஃபேக்டரியில் லாக் புக் எழுதினவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மூணு மாசம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தால் பூங்காவின் கதை மட்டும் இல்லை, புகாரைக் கேட்கிறவர்களின் கதையும் தெரிந்துவிடும்.

ஊர் சுற்ற ஆசைப்படும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழவேற்காட்டிலோ பிச்சாவரத்திலோ வனத்துறை ஒரு அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுத்து, குளிர்காலத்தில் ஒரு மாசம் தங்கி உதவி செய்யக் கூப்பிட்டால் வர மாட்டார்களா? ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுவதற்குக் கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். ஆர்.வி.யை நாம் இறக்குமதி செய்ய வேண்டாம், ரயில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் டிக்கெட் சலுகையைத் திருப்பிக் கொடுத்தாலே பாதி தூரம் தாண்டிய மாதிரி.

கடைசியாக, இதில் நம்ம பங்கு என்ன? என்.எஸ்.எஸ். மாணவருக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை என்று கணக்கு இருக்கிறது. அதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுங்கள். பெரியவர்கள் பேரை எழுதி முறை போடுவது, புகாரை ஆப்பில் ஏற்றுவது, கமிஷனருக்கு மனு டைப் செய்வது. அவர்களுக்குக் கஷ்டமான வேலை இதுதான், நமக்கு இது அரை மணி நேர வேலை. அவர்கள் கிரீஸ் வைக்கட்டும், நாம் ஃபைல் நகர்த்துவோம்.

எங்கள் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு பக்கத்தில் இந்த வாரம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் தெருவில் ரிட்டயர்டு ஆன ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டீச்சர், நர்ஸ் யாராவது இருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். சம்மதம் என்றால் அவர்களால் என்ன வேலை முடியும், எந்த நேரம் வர முடியும் என்று அதில் எழுதுங்கள். 20 பேர் சேர்ந்ததும் மனுவோடு மண்டல அலுவலகத்துக்குப் போகலாம். மழை விடுவதற்குள் போனால் இந்தத் தை மாசத்துக்கே கேட்டு வாங்கிவிடலாம்.